விழுந்த கல்லுக்கு என்ன விலை?

புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். இந்த அளவு நிலத்தில் ஒரு விண்கல் விழ எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கனடாவின் மேற்குச் சமவெளியில் இரவு வானத்தைப் படம்பிடிக்கும் கேமராக்கள் பல ஆண்டுகள் சேர்த்த தரவை வைத்து, இயான் ஹாலிடேயும் அவர் குழுவினரும் 1989இல் ஒரு மதிப்பீடு தந்தார்கள். பத்து லட்சம் சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 39 முறை நூறு கிராமுக்குக் குறையாத கல் தரையை எட்டுகிறது. ஒரு கிலோவுக்குக் குறையாதது சுமார் எட்டு முறை. இதைப் புதுச்சேரிக்குச் சுருக்கினால், நூறு கிராம் கல் தொண்ணூறு ஆண்டுக்கு ஒன்று, ஒரு கிலோ கல் நானூறு ஆண்டுக்குச் சற்று மேல் ஒன்று என்று வரும். வில்லியனூரிலும் பாகூரிலும் இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் ஆயுளுக்குள் மாவட்டத்தின் ஏதோ ஒரு வயலிலோ ஏரியிலோ ஓட்டுக் கூரையிலோ ஒரு சின்னக் கல்லாவது விழுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இதே கணக்கை நாடு முழுவதற்கும் விரித்தால், ஒரு கிலோவைத் தாண்டும் வீழ்ச்சிகள் ஆண்டுக்கு இருபத்தைந்து வாக்கில் நடக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வது ஒன்றோ இரண்டோ; பல ஆண்டுகளில் அதுவும் கிடையாது. மிச்சமெல்லாம் எங்கே போகிறது? கடலில் விழுவது இந்தக் கணக்கில் சேரவில்லை. இது நிலத்தில் விழுவது மட்டும். இத்தனை மக்கள் நெருக்கமாக வாழ்ந்து, இத்தனை பேர் விடியற்காலையிலேயே வயலில் நிற்கும் நாட்டில், பத்தில் ஒன்றுகூடக் கைக்கு வருவதில்லை. கண்ணில் படாமல் போவது ஒரு காரணம். கண்ணில் பட்டும் சொல்லாமல் போவது இன்னொரு காரணம். முதலாவதுக்குக் கேமரா வேண்டும். இரண்டாவதுக்குப் பணம் வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். புதிதாக விழுந்த கல்லைத் தேடி அலைந்து, விலை பேசி, வாங்கி விற்கும் சேகரிப்பாளர்களின் உலகத்தைத் திருட்டுச் சந்தை என்று ஒதுக்காமல், அங்கே பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, அதில் பாதியையாவது நம் அரசு கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில், புதிய கல்லுக்கு ஏன் இத்தனை மவுசு? பாலைவனத்திலும் அண்டார்டிகா பனியிலும் ஆயிரக்கணக்கில் பழைய விண்கற்கள் பொறுக்கப்படுகின்றன. அவை வேதியியலுக்குப் பயன்படும்; ஆனால் அவற்றின் கடிகாரம் நின்றுபோயிருக்கும். விண்வெளியில் மிதக்கும் கல்லைக் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் தாக்குவதால் அதற்குள் கதிரியக்க ஐசோடோப்புகள் உண்டாகின்றன. தரையில் விழுந்த கணத்தில் உற்பத்தி நிற்கிறது, சிதைவு மட்டும் தொடர்கிறது. சோடியம்-24 பாதியாகக் குறைய 15 மணி நேரம், மாங்கனீஸ்-52க்கு ஐந்தரை நாள், வனேடியம்-48க்கு 16 நாள், சோடியம்-22க்கு 2.6 ஆண்டு. விண்வெளியில் அந்தக் கல் எவ்வளவு பெரிய உடலாக இருந்தது, நம் கைக்கு வந்த துண்டு அதன் எந்த ஆழத்தில் இருந்தது, கடைசி சில மாதங்களில் எவ்வளவு கதிர் வாங்கியது என்பதையெல்லாம் இவற்றின் அளவிலிருந்து சொல்லலாம், ஆனால் கல் வாரத்துக்குள் கதிர் அளக்கும் கருவிக்குள் போயாக வேண்டும். அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. கருவி இருக்கிறது; நேரத்துக்குக் கல் வந்தால்தானே.

ஐசோடோப்பைவிடக் கொடிய எதிரி தண்ணீர். 2012 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவில் சட்டர்ஸ் மில் என்ற இடத்தைச் சுற்றி ஒரு கரிமவகை விண்கல் சிதறி விழுந்தது. மொத்தம் கிடைத்த 77 கற்களையும் சேர்த்தால் ஒரு கிலோகூட இல்லை. விழுந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன் பொறுக்கப்பட்டவை மூன்றே மூன்று கற்கள். அந்த மூன்றில்தான் ஓல்ட்ஹாமைட் என்ற கால்சியம் சல்பைடு கனிமம் கெடாமல் இருந்தது. ஈரம் பட்டால் கரைந்து சிதைந்துவிடும் பொருள் அது. இந்தக் கனிமம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம் நாட்டில் விழுந்த கல்லில்: 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்தது அது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை முதலில் நடத்திய தாமஸ் ஓல்ட்ஹாமின் பெயரை அதற்கு வைத்தார்கள். இப்போது பாகூரை நினைத்துப் பாருங்கள். ஏரிப் பாசனம், தென்பெண்ணை வண்டல், ஆண்டில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் நெல் வயல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. அங்கே ஒரு கரிமவகைக் கல் சேற்றில் புதைந்தால் அதன் அறிவியல் ஆயுள் ஓர் இரவு. இரும்பு நிறைந்த சாதாரணக் கல்லாக இருந்தாலும் ஒரு மழைக்காலத்தில் துருவேறி, வில்லியனூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் கிடக்கும் செம்புறாஞ்சரளையோடு வேறுபாடு தெரியாமல் கலந்துவிடும். ஆகவே, இங்கே கல்லைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள், விழுந்த அன்றைக்கே குனிந்து எடுக்கும் அந்த விவசாயியோ நாற்று நடும் பெண்ணோதான். அவர்கள் எடுத்து வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்வதற்குக் காரணம் வேண்டும்.

சேகரிப்பாளர்களிடம் அந்தக் காரணம் ரொக்கமாக இருக்கிறது. சட்டர்ஸ் மில் செய்தி பரவிய சில நாளில் வேட்டைக்காரர்கள் வந்து இறங்கி, கிராமுக்கு ஆயிரம் டாலர் வரை பேசினார்கள். 2011 ஜூலையில் மொராக்கோவின் டிசின்ட் பகுதியில் செவ்வாய்க் கிரகக் கல் விழுந்தபோது, பாலைவன நாடோடிகள் மாதக்கணக்கில் தேடித் துண்டு துண்டாக எடுத்துத் தரகர்களிடம் விற்றார்கள்; அதில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கல் ஒன்று கடைசியில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது. காசு என்ற தூண்டில் இல்லாவிட்டால் அந்தக் கற்களை யார் தேடியிருப்பார்கள்? இதை முதலில் முறையாகச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஹார்வி நினிங்கர். 1930களில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடங்களிலும் விவசாயிகளின் கூட்டங்களிலும் விண்கல் எப்படி இருக்கும் என்று காட்டி, கொண்டுவந்தால் எடைக்கு இத்தனை டாலர் என்று விலை சொன்னார். வருடக்கணக்காகக் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த கற்கள் வெளியே வந்தன. அவர் திரட்டியவற்றில் ஒரு பங்கு 1958இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், பெரும்பங்கு 1960இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விற்கப்பட்டது. அறிவும் விலையும் சேர்ந்து போனபோதுதான் கல் வந்தது. இரண்டில் ஒன்று மட்டும் போயிருந்தால் வந்திருக்காது.

ஆனால் இந்த விலை எதற்கான விலை? கல்லின் எடைக்கா, இனத்துக்கா, கதைக்கா? மூன்றும்தான், அதுவும் ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில். நாள்தோறும் கிடைக்கும் சாதாரணக் காண்டிரைட் வகைக்குப் பாலைவனச் சந்தையில் கிராமுக்குச் சில டாலர்கூடத் தேறாது. அதே வகை நேற்று விழுந்து, உருகி உறைந்த கறுப்புத் தோல் முழுதாக இருந்தால் பல மடங்கு. செவ்வாய், நிலா, கரிமவகை என்றால் விலை வேறு உலகத்துக்குப் போய்விடும். கூரையையோ காரையோ உடைத்திருந்தால் அதற்கும் மேலே. 2019 ஏப்ரலில் கோஸ்டா ரிக்காவின் அகுவாஸ் சார்காஸ் ஊரில் விழுந்த கற்களில் ஒன்று ஒரு நாய்க்கூண்டின் கூரையைப் பொத்துக்கொண்டு போனது. 2022இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அந்தக் கல் 21,420 டாலருக்கு விற்றது. கூண்டு 44,100 டாலருக்கு! பொத்தல் விழுந்த தகரத்துக்குக் கல்லைவிட இரண்டு மடங்கு விலை கொடுக்கும் சந்தையை அறிவியல் மதிப்பின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இந்தச் சந்தைக்கே அடியில் அறிவியல் நிற்கிறது. உலக விண்கல் ஆய்வாளர்கள் சங்கத்தின் பெயரிடும் குழு அங்கீகரித்தால்தான் ஒரு கல்லுக்குப் பெயர். பெயர் இருந்தால்தான் நல்ல விலை. அங்கீகாரத்துக்கு 20 கிராமோ, மொத்த எடையில் 20 சதவீதமோ, எது குறைவோ அது ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு நிரந்தரமாகக் கொடுக்கப்பட வேண்டும். விற்பவன் தன் லாபத்துக்காகவே அறிவியலுக்கு ஒரு பங்கு கட்டுகிறான். எந்தப் போலீசும் இல்லாமல் நடக்கும் வரிவசூல் இது.

விலைபற்றிய செய்தி ஊருக்குள் வந்துசேரும்போது எப்படி வீங்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் கோலாங் நல்ல பாடம். 2020 ஆகஸ்டில் வடக்குச் சுமத்ராவில் ஒரு சவப்பெட்டி செய்பவர் வீட்டுக் கூரையைத் துளைத்து இரண்டு கிலோவை ஒட்டிய கரிமவகைக் கல் விழுந்தது. அவர் ஒரே இரவில் பதினெட்டு லட்சம் டாலருக்கு அதிபதியானார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் வாங்கியது சுமார் 14,000 டாலர். இணையத்தில் சிறு துண்டுக்குக் கேட்கப்பட்ட கிராம் விலையை முழுக் கல்லின் எடையால் பெருக்கிய கணக்கில் பிறந்தது அந்த லட்சம். அரை கிராம் துண்டுக்குக் கேட்கும் விலையில் இரண்டு கிலோவை வாங்க உலகில் ஆள் இல்லை.

நம் பக்கத்தில் இந்த வீக்கத்துக்கு வேறொரு பெயர் உண்டு: இரிடியம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கோபுரக் கலசத்தில் இடி இறங்கி இரிடியம் ஏறியிருக்கிறது, அரிசியை இழுக்கும் செம்புப் பாத்திரம் இருக்கிறது, நாசாக்காரன் கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்வான் என்று சொல்லி முன்பணம் கறக்கும் கும்பல்கள் பல்லாண்டாகப் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. விண்கல்லும் இந்தப் பட்டியலில் எளிதாகச் சேர்ந்துவிடும். ஏனென்றால் விண்கல்லில் இரிடியம் இருப்பது உண்மை. பூமியின் மேலோட்டில் மிக அரிதான இந்த உலோகம் விண்கற்களில் ஒப்பளவில் மிகுதி. ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய களிமண் படலத்தில் அது குவிந்திருப்பதைக் கண்டுதான் 1980இல் ஆல்வரெஸ் குழுவினர் டைனோசர்களின் முடிவுக்கு ஒரு விண்கல் மோதல் காரணம் என்றார்கள். வில்லியனூர் பக்கத்துச் சேதராப்பட்டை ஒட்டிய வழுதாவூர் நிலப்பகுதியில் அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் படிந்த அடுக்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் மிகுதி என்றால் எவ்வளவு? சாதாரண விண்கல் ஒரு கிலோவில் ஏறக்குறைய அரை மில்லிகிராம். சந்தை விலை கிராமுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாக்கில் என்று வைத்தாலும், கல் முழுவதையும் உருக்கிப் பிரித்தால் தேறுவது ஆறு ரூபாய். பிரிக்கும் செலவு வேறு. விண்கல்லின் விலை அதில் உள்ள உலோகத்தின் விலை அல்ல; இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைத்திருக்க மாட்டா.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். ஏற்கெனவே மோசடி மலிந்த ஊரில் அரசே கல்லுக்குப் பணம் என்று அறிவித்தால், ஒவ்வொரு இரும்புச் சிட்டமும் விண்கல் ஆகிவிடாதா? ஆகும். தாலுகா அலுவலக வாசலில் மூட்டை மூட்டையாகக் கசடும் சரளையும் வந்து குவியும். அதனால் என்ன? சிட்டத்தை உடைத்தால் உள்ளே காற்றுக் குமிழி தெரியும். விண்கல்லில் அநேகமாக இருக்காது. ஓர் ஓரத்தை அரத்தால் தேய்த்தால் சாம்பல் நிறத் தளத்தில் உலோகப் பொட்டுகள் மின்னும். பழகிய கண் ஒரு நிமிடத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பதைத் தள்ளிவிடும். மோசடிக்காரன் வாழ்வது விலை தெரியாத இருட்டில். இனத்துக்கு இத்தனை, எடைக்கு இத்தனை என்று பலகையில் எழுதி ஒட்டிய விலையும் காசு வாங்காத பரிசோதனையும் இருந்தால், கோடி ரூபாய்க் கதையை நம்ப ஆள் குறையும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இயற்கையின் பொதுச் சொத்தை விலைபேசுவதே தவறு. ஏழை நாடுகளின் கல் பணக்கார நாடுகளின் அலமாரிக்குப் போவதற்கு இதுவே வழி. சான்று இல்லாமல் இல்லை. 1857இல் மதுரைச் சீமையின் பர்னல்லியில் விழுந்த எழுபத்தேழு கிலோ விண்கல்லின் பெரும்பகுதி லண்டனில் இருக்கிறது. 1840களில் புதுச்சேரிச் சுண்ணாம்புப் பாறைகளில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேயர்கள் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் வைத்துத்தான் விவரித்தார். அண்மையில், நைஜரின் அகடெஸ் பகுதியில் கிடைத்த 24.67 கிலோ செவ்வாய்க் கல் 2025 ஜூலையில் நியூயார்க்கின் சோத்பிஸ் ஏலத்தில் 53 லட்சம் டாலருக்குப் போனது. அது எப்படி நாட்டை விட்டு வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணை தொடங்கியது ஏலத்துக்குப் பிறகு. இதெல்லாம் அநியாயம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மருந்து எது? தடையும் பறிமுதலும் என்றால், திருவக்கரைக் கல்மரங்களுக்கு அது பொருந்தும். அவை அசையாமல் கிடக்கின்றன, சுற்றி வேலி போட்டுக் காவலாளியை நிறுத்தலாம். எங்கே விழும் என்றே தெரியாத கல்லுக்கு எங்கே வேலி போடுவது? சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட புவிமரபுச் சட்ட வரைவு விண்கல்லையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, மீறலுக்குத் தண்டனை பேசுகிறது. தண்டனையை மட்டும் கேள்விப்பட்ட விவசாயி என்ன செய்வார்? கல்லைக் கிணற்றில் போடுவார், அல்லது இரவோடு இரவாகத் தரகருக்குக் கொடுப்பார். பணம் கொடுப்பது மரபுக்கு விரோதம் என்பதும் சரியல்ல. கொல்கத்தாவில் அரசு காத்துவரும் விண்கல் தொகுப்பின் அடித்தளமே விலைக்கு வாங்கியதுதான்: 1860களில் ஓல்ட்ஹாமின் காலத்தில், மான்செஸ்டரைச் சேர்ந்த கிரெக் என்ற தனிச் சேகரிப்பாளரிடமிருந்து. ஆங்கிலேயச் சீமானுக்குக் கொடுக்க முடிந்த காசைப் பாகூர் விவசாயிக்குக் கொடுக்கக் கூச்சப்படுவானேன்?

யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு உலகில் ஒரே பதில் இல்லை. 1892இல் அமெரிக்காவின் அயோவா மாநில நீதிமன்றம், விழுந்த கல் நிலத்தின் பகுதி, ஆகவே நில உரிமையாளருக்கே என்று தீர்த்தது. தோண்டி எடுத்தவனிடம் 105 டாலர் கொடுத்து வாங்கியவர் தோற்றார். குத்தகை விவசாயம் மிகுந்த நம் ஊரில் இந்தத் தீர்ப்பு வந்தால், கல்லைப் பார்த்த குத்தகைக்காரர் வாயே திறக்க மாட்டார். எனக்குச் சரியாகப் படுவது டென்மார்க்கின் வழி. 1990 முதல் அங்கே அரிய புதைபடிவம், கனிமம், விண்கல் எல்லாம் அரசுக்கு உரியவை. ஆனால் கொண்டுவந்து கொடுப்பவருக்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெகுமதி கொடுத்தாக வேண்டும். உரிமை பொதுவுக்கு, ஊதியம் கண்டவருக்கு. 2016 பிப்ரவரி 6 அன்று இரவு கோபன்ஹேகன் அருகே எய்பியில் கற்கள் விழுந்தன. மக்கள் பொறுக்கி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட ஒன்பது கிலோ சேர்ந்தது. விந்தையாக, அதே 2016 பிப்ரவரி 6 அன்று நம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று அரசு அறிவித்து இழப்பீடும் கொடுத்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றார்கள். ஒரு கல்லை விண்கல்தானா என்று அன்றைக்கே சொல்லும் அமைப்பு மாவட்ட அளவில் இல்லாததன் விலை இது.

புதுச்சேரிக்கு இன்னொரு சிக்கல் தனியாக இருக்கிறது. விண்கல் பெரும்பாலும் வானிலேயே உடைந்து, பல கிலோமீட்டர் நீளமுள்ள நீள்வட்டத்தில் சிதறி விழும். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் செருகிக் கிடக்கின்றன. ஒரே கல்லின் ஒரு துண்டு பாகூர் வயலிலும் அடுத்தது தமிழ்நாட்டு எல்லையிலும் விழும். இரண்டு வருவாய்த் துறை, இரண்டு போலீஸ், இரண்டு சட்ட வரலாறு. நல்ல வேளையாக, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்துச் சென்னையில் ஒரே கிளைதான். வெகுமதி அங்கிருந்தே ஒரே விதியில் வந்தால் எல்லைத் தகராறு எழாது.

செலவு அதிகம் என்பார்கள். ஒரு மாவட்டத்துக்குத் தலைமுறைக்கு ஒன்று கூடத் தேறாத பொருளுக்கு என்ன பெரிய செலவு? எந்தக் கல் பெரியது, எது சிறியது என்று விழும் நாளில் தெரியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 செப்டம்பரில் சூளகிரியில் விழுந்தது 110 கிலோ. 1890 ஜூன் மாதம் காக்கங்கரையில் விழுந்தது 350 கிராம்தான். எண்பது ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த அந்தச் சிறிய கல், தெரிந்த எந்த வகையிலும் சேராது என்று 1970களில் கண்டார்கள். இன்று உலக வகைப்பாட்டில் ‘கே’ (K) என்ற தனிக் குழுவுக்கே அதன் பெயர். அன்று அதைக் கண்ட கிராமத்தார் சட்டியில் போட்டு மறந்திருந்தால் அந்தக் குழுவுக்கு மூலக்கல் இருந்திருக்காது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, வில்லியனூரிலோ பாகூரிலோ பகலில் இடி போன்ற சத்தமோ இரவில் நெருப்புக்கோளமோ தெரிந்து, மறுநாள் வயலில் புதிதாய் ஒரு கறுப்புக் கல் கிடந்தால் இதைச் செய்யுங்கள்: தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், காந்தம் வைத்துப் பார்க்காதீர்கள். காந்தம் பட்டால் கல் தன் பிறப்பிடத்திலிருந்து சுமந்துவந்த காந்தப் பதிவு அழிந்துவிடும். செவ்வாயிலிருந்து வந்த ஒரு புகழ்பெற்ற கல்லின் துண்டுகளுக்கு வேட்டைக்காரர்களின் கைக்காந்தத்தால் அதுதான் நேர்ந்தது. கிடந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்து, சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்து, நாளும் நேரமும் எழுதி, அன்றைக்கே தாலுகா அலுவலகத்திலும் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னைக் கிளையிலும் எழுத்துமூலம் தெரிவித்து ரசீது வாங்குங்கள். முன்பணம் கேட்டு எவர் வந்தாலும், அவர் யார் பெயரைச் சொன்னாலும், வீட்டுப் படி ஏற விடாதீர்கள்.